நாற்பத்திரண்டாவது வரி

கொழும்பு
14.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் நாகலெட்சுமி அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் "சரி சகலை, சரி சகலை" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பயிற்சி முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. கம்பெனியின் புது போட்டைப் பார்த்தேன். சின்னதுதான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், தேநீர் போட ஒரு அடுப்பு இருக்கிறது. ட்ரெயிலரில் ஏற்றி வாகனத்தின் பின்னால் இழுத்துப் போகலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நம் நோர்வூட் பங்களாவுக்கு வரும் விருந்தாளிகளுக்காக காசல்ரீ டேமில் ஓடும். மே வந்தால் திருகோணமலை பங்களாவுக்குப் போகும். போட்டோடு நானும் போய் வர வேண்டுமாம், கெப்டனாக. மேனேஜர் மஹத்தயா போன வாரம்தான் சொன்னார்.

ஐந்து வருடம் உங்கள் போட்டில் கயிறு பிடித்தவன் நான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உங்களைத்தான் முதலில் கேட்டார்களாம், நீங்கள் வரமாட்டேன் என்றீர்களாம்.

இங்கே எதற்கும் லிஸ்ட். வாகனத்தில் பூட்டும் கொக்கி, அதற்குக் காவலாகச் சங்கிலி, பின் விளக்கு, சக்கரத்துக் கிரீஸ், பெல்ட், லைஃப் ஜாக்கெட், பெற்றோல் வாசனை. ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். நம் டேமுக்கு ஏற்றமாதிரி நாற்பத்தொரு வரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன விட்டுப்போயிருக்கிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? பார்த்துத் திருத்தி அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.
விஜிதரன்

*

நோர்வூட்
02.10.2024

அன்புள்ள சகலைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை. உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி. மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீங்கள் சுகம் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

என்னைக் கேட்டபோது அது படிப்பு என்று சொன்னார்கள், பதவி என்று சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் யார் போய் பெஞ்சில் உட்காருவது?

பதினொரு வருடமாக இந்த டேமில் போட் ஓட்டுகிறேன். ஒரு தாளும் இல்லை, ஒரு ஆளும் முங்கவில்லை. உங்கள் லிஸ்டைப் படித்தால் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கண்டாக்கையா பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. சங்கிலி வந்தாச்சா, விளக்கு வந்தாச்சா. பரவாயில்லை, படித்தவர்கள் செய்கிற வேலை.

கேட்டதற்காகச் சொல்கிறேன். பதினான்காவது வரியில் கரை என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் குறைந்தால் இறக்கத்துக்கு இடது பக்கம் வெறும் சேறு, வாகனம் புதையும். வலது பக்கமாகத்தான் பின்னால் எடுக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

கெப்டனின் வெள்ளைச் சட்டையில் நீங்கள் நிற்கும் படத்தை மாமா சுவரில் மாட்டிவிட்டார். அதற்கு இடம் வேண்டுமென்று கழற்றியது எங்கள் கல்யாணப் படத்தை. "அது பழசாயிருச்சு மாப்பிள" என்றார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நாற்பத்தொரு வரி எழுதினீர்களே, சாமிக்கு ஒரு வரி உண்டா? புது வண்டி வந்தாலே சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கிற ஊர் இது. புது போட் பூசை இல்லாமல் தண்ணீரில் இறங்குமா?

அழகுமுத்து

*

கொழும்பு
12.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அக்காவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். நான் நலம்.

நீங்கள் சொன்னது சரி, நான்தான் மறந்துவிட்டேன். எல்லாம் பார்த்து முடித்தபிறகு கடைசியாக, நாற்பத்திரண்டாவது வரி: பூசை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். இடது பக்கச் சேற்றையும் சேர்த்துவிட்டேன்.

நவம்பர் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. விடியமுன் புறப்பட்டு வருவோம். கித்துல்கலையில் நிறுத்தி ட்ரெயிலர் சக்கரத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பேன். வந்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் சக்கரம் உள்ளே தண்ணீரை இழுத்துக் கெட்டுவிடும். மஹத்தயா அவசரப்படுத்துவார். நீங்கள் எனக்காகப் பேச வேண்டும்.

அப்பாவை முதல் சுற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று பிரியந்தி கேட்கிறாள். மாமா உங்கள் போட்டில் எத்தனை தரம் ஏறியிருப்பார்?

அன்புடன்
விஜிதரன்

*

நோர்வூட்
24.11.2024

அன்புள்ள சகலைக்கு,

மாற்றலாகித் திருகோணமலைக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தீர்கள் என்று பிரியந்தி சொன்னாள். அங்கே இப்போது மழையும் காற்றும் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது நடந்துவிட்டது. அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். போட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளைக்குப் பிளக் போட மறப்பது பெரிய பெரிய ஆட்களுக்கே நடக்கிறதாம், மஹத்தயாவே சொன்னார். டேம் நடுவில் பின்பக்கம் தாழ்ந்தபோது மாமா பயந்துதான் போனார். நீங்கள் வற்புறுத்தி வேட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டிருந்தீர்கள், அதனால் மிதந்தார். நான் பழைய போட்டில் பக்கத்திலேயே இருந்தேன், உங்களையும் மாமாவையும் கயிறு பிடிக்கிற பையனையும் தூக்கிவிட்டேன். அதற்காக ஆபீசில் என் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

போட்டை வெளியே எடுத்து இஞ்சினைக் கழுவிக் காயவைத்துவிட்டார்கள். பிளக்கைக் கரையெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து புதிது வந்திருக்கிறது.

போட்டை இப்போதைக்கு என்னை ஓட்டச் சொன்னார்கள். அதையும் நான் கேட்கவில்லை. நீங்கள் அங்கே பழைய போட்டுகளுக்குப் பெயின்ட் அடிப்பதாகக் கேள்வி. எந்த வேலையும் குறைவில்லை.

பிரியந்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.
அழகுமுத்து

*

திருகோணமலை
08.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாமாவைத் தூக்கிவிட்டதற்கு நான் இன்னும் நேரில் நன்றி சொல்லவில்லை. நீங்கள் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்று நினைக்கவே முடியவில்லை. இங்கே இருவரும் இருக்கிறோம். அங்கே எல்லோரும் நலமா?

ஒன்று கேட்க வேண்டும். சக்கரம் ஆறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில்தான் லிஸ்டைப் பார்த்தேன், கூட ஆள் இல்லாமல் நான் ஒருவனே வாசித்துத் தொட்டுப் பார்த்தேன். பதினோராவது வரி பிளக். அதை என் கையால் போட்டேன், அண்ணே. பித்தளை குளிர்ந்து இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றினேன், இறுகியது. தாளில் சரி போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் துளை திறந்துதான் இருந்தது. அப்படியென்றால் போட்டதாக நானே நினைத்துக்கொண்டேனா?

இப்போது எதையும் நம்ப முடியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். கதவைப் பூட்டிவிட்டு நான்கு தரம் இழுத்துப் பார்க்கிறேன். பிரியந்தி முதலில் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை.

நீங்கள் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள். நான் பிளக் போட்டதைப் பார்த்தீர்களா? ஆம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

விஜிதரன்

*

நோர்வூட்
05.01.2025

அன்புள்ள சகலைக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்லபடி அமையட்டும். விருந்தாளிகள் கூட்டம், கடிதம் எழுத நேரமே இல்லை. பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும், இப்போது பரவாயில்லை.

வெள்ளைச் சட்டை எனக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தோளில் கொஞ்சம் இறுக்கம். லிஸ்டை வாசிக்கச் சொல்லி மஹத்தயாவின் உத்தரவு. நான் வாசிக்கிறேன், கயிறு பிடிக்கிற பையன் தொட்டுப் பார்த்து "சரி" என்கிறான். போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். நல்ல மூளையாம். உங்கள் பெயரைச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், சொன்னேன்.

மாமாவை ஒரு சுற்று வரக் கூப்பிட்டேன். "சின்ன மாப்பிள வரட்டும், அப்புறம் ஏறிக்கிறேன்" என்றார். முங்கவைத்தவர் போட்டில்தான் ஏறுவாராம், தூக்கியவன் போட்டில் ஏறமாட்டாராம். சிரிப்பாக இல்லையா?

பட்டிப்பொல பக்கம் பனி கொட்டியிருக்கிறது என்கிறார்கள். இங்கேயும் குளிர் அதிகம்.

அழகுமுத்து

*

திருகோணமலை
27.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமறிய ஆவல். கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. பிளக் போடாதது என் தவறு என்று ஒப்புக்கொண்டு மார்ச் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் விசாரணை இல்லை. ஆனால் கெப்டன் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இனிமேல் எந்த போட்டிலும் வேலை இல்லை. ராகலையில் ஒரு மரக்கறிக் கடைக்கு ஆள் தேவையாம்.

போட்டேன் என்று என் கை சொல்கிறது. இல்லை என்று போட் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

விஜிதரன்

*

திருகோணமலை
19.02.2025

அத்தானுக்கு,

அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே. இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்று பஸ் ஏறப் போனோம். மூன்றாவது தரம் இறங்கித் திரும்ப வந்தார், குழாயை மூடினேனா என்று பார்க்க. மூடித்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். "பிரியந்தி, நீயும் தொட்டுப் பாத்துச் சொல்லு" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகும் பஸ் ஏறவில்லை.

இவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் தெரியாதவர் தெரியாது என்று எழுதுவார். நீங்கள் அதைக்கூட எழுதவில்லை. இரண்டு மாதமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் பதினைந்துக்கு இன்னும் இருபத்துநான்கு நாள் இருக்கிறது.

பிரியந்தி

*

நோர்வூட்
03.03.2025

அன்புள்ள சகலைக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பிளக் போட்டீர்கள். நான் பார்த்தேன். மூன்று சுற்று. தாளில் சரி போட்டதையும் பார்த்தேன்.

கழற்றியவன் நான்.

சக்கரம் ஆறட்டும் என்று நீங்கள் காத்திருந்ததில் பத்துமணி தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். நான் அவசரமாக மஞ்சள் தண்ணீரைப் போட் முழுக்க ஊற்றினேன். ஒரு வாளி போதும், மூன்று வாளி ஊற்றினேன், பூசை என் கையில் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று. தண்ணீர் உள்ளே தேங்கியது. விருந்தாளிகள் உட்காரும் இடம் மஞ்சளாகிவிடுமே என்று பின்னால் போய்ப் பிளக்கைக் கழற்றி வடியவிட்டேன். கையில் சூடத்தட்டு இருந்ததால் பிளக்கை வேட்டி மடிப்பில் வெற்றிலையோடு செருகினேன். அந்த நேரம் மாமா உங்களுக்கு மாலை போட்டார். "நம்ம குடும்பத்துல மொத கெப்டன்" என்றார். பதினொரு வருடம் நான் என்னவாக இருந்தேன் என்று யோசித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மஹத்தயா கையைத் தட்டினார், ட்ரெயிலர் பின்னால் போனது. மறந்தேன். இதுவரை மறதிதான், சாமி சத்தியமாக.

இதோடு முடிந்திருந்தால் நவம்பரிலேயே எழுதியிருப்பேன்.

போட் கரையை விட்டு நகர்ந்ததும் நான் பழைய போட்டில் ஏறக் காலைத் தூக்கினேன். பிளக் இடுப்பில் குத்தியது. உடனே தெரிந்துவிட்டது. நீங்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தீர்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் திரும்பியிருப்பீர்கள். நான் போடவில்லை. என் போட்டில் ஒருநாளும் ஏறாத மாமா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் தண்ணீர் ஏறட்டும், கால் நனையட்டும், லிஸ்ட் எழுதியவர் எல்லோர் முன்னாலும் ஒருதரம் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். முங்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் முங்காது என்றும் எனக்குத் தெரியாது. போட்டில் மாமா இருந்தார், உங்களை நம்பி ஒரு வீடு இருந்தது. எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு போய்த் தூக்கினேன், படம் எடுத்தார்கள்.

இது பொறாமை. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை.

பிளக்கை உள்ளே சுற்றிப் பெட்டிக்கடியில் நான் ஒளித்துவைத்திருந்த அந்த வேட்டியைப் போன வாரம் உங்கள் அக்கா துவைக்க எடுத்தபோது பிளக் விழுந்தது. "இது என்னாங்க" என்றாள். பிரியந்தியின் கடிதமும் அன்றைக்குத்தான் வந்திருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுதுவீங்களா, நான் எழுதவா" என்றாள்.

இன்று காலை மஹத்தயாவிடம் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டேன். சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார், ஆபீசில் இருந்த படத்தையும் அவரே கிழித்தார். மாமாவிடமும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இத்துடன் பிளக் இருக்கிறது. உங்கள் கை பொய் சொல்லவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அழகுமுத்து

*

திருகோணமலை
10.04.2025

திரு. அழகுமுத்து அவர்களுக்கு,

பிளக் கிடைத்தது.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியவற்றையெல்லாம் பிரியந்தி கிழித்துவிட்டாள். அனுப்பக்கூடியதாக இல்லை என்றாள்.

கம்பெனி தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. மே இரண்டாம் திகதி போட்டைக் கரையேற்றிக் கொண்டுபோக கெப்டனாக அங்கே வருகிறேன். லிஸ்டைத் திருத்தியிருக்கிறேன். பூசை இனி முதல் வரி. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் பார்ப்பது. யார் எதைக் கழற்றினாலும் வாசிக்கிறவர் கையில் கொடுக்க வேண்டும், மடியில் வைக்கக் கூடாது. அது புது வரி.

தொட்டுப் பார்த்துச் "சரி" சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். பாசத்தால் அல்ல. மே மாதம் தண்ணீர் குறைந்திருக்கும், அந்தக் கரையில் சேறு எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும்.

குழாயை இப்போது ஒரு தரம்தான் மூடுகிறேன்.

விஜிதரன்

*

நோர்வூட்
06.05.2025

அன்புள்ள சகலைக்கு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, வேறு மாதிரிக் கூப்பிட வரவில்லை. போட்டோடு திருகோணமலை போய்ச் சேர்ந்தீர்கள், ஹபரணையில் ஒரு சக்கரம் சூடாகி இரண்டு மணி நேரம் நின்றீர்கள் என்று உங்கள் அக்கா சொன்னாள். நின்றது நல்லதுதான்.

அன்றைக்கு நேரில் பேச முடியாததை எழுதுகிறேன். கரையில் எல்லோரும் நின்றார்கள், மாமாவும். நீங்கள் வாசித்தீர்கள். நான் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டு "சரி" என்றேன். கொக்கி, சரி. சங்கிலி, சரி. நீங்கள் கயிறு பிடிக்க வருமுன்பே நான் போட் ஓட்டியிருக்கிறேன் என்று உள்ளே ஒருவன் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தான். பெரட்டில் பெயர் கொடுக்கிற ஆள்மாதிரி நின்றேன். வெள்ளைச் சட்டை உங்களுக்குத்தான் பொருந்துகிறது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

போட் ட்ரெயிலரில் ஏறி வெளியே வந்ததும் "பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடியவிடவும்" என்று வாசித்தீர்கள். வாசித்துவிட்டு நிறுத்தினீர்கள். நான் கழற்றினேன். அன்றும் அப்படித்தான் குளிர்ந்து இருந்தது. நான் வேட்டி கட்டியிருக்கவில்லை, இருந்தும் கை தன்பாட்டில் இடுப்புக்குத்தான் போனது. அதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு உள்ளங்கையை நீட்டினீர்கள்.

வைத்தேன். நீங்கள் கையை மூடி, "சரி" என்றீர்கள். அது என் சொல். லிஸ்டின்படி நான்தான் சொல்ல வேண்டும்.

என்னை அண்ணே என்று நீங்கள் கூப்பிடவில்லை. அதைக் கேட்கவும் மாட்டேன். நவம்பரில் போட் திரும்பி வரும்போது சேற்றுப் பக்கத்தில் நான் நிற்பேன்.

பிரியந்தியை விசாரித்ததாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.
அழகுமுத்து